தொப்பூர் இறக்கமும் என் கணக்கு நோட்டும்

பத்தொன்பது வருஷமாக லாரிக் கணக்கு எழுதுகிறேன். நாமக்கல்லில் இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டில் பெண்கள் இதே வேலையைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் பட்டறை, டயர் கடை, புக்கிங் ஆபீஸ் என்று வெளியே அலைவார். வந்த வாடகை, போட்ட டீசல், டோல், டிரைவர் பேட்டா, லோடு இறக்குகிற கூலி, வழியில் கொடுத்த 'மாமூல்', அட்வான்ஸ், பாக்கி எல்லாம் என் நோட்டில் ஏறும். ஒரு காலத்தில் மூன்று வண்டி இருந்தது. இப்போது இரண்டு. எனக்கு ஸ்கூட்டி தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது.

கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது "நீங்க என்னங்க பண்றீங்க" என்று கேட்டு, நானும் லாரி வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. "உங்க ஆளுங்க குடிச்சுட்டுதானுங்க ஓட்டறாங்க" என்பார்கள். குடிக்கிறவர்கள் இல்லை என்று சாதிக்க மாட்டேன். ஆனால் இத்தனை வருஷத்தில் குடிக்காக நாங்கள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டது ஒரே ஒரு ஆளிடம்தான். எங்கள் வண்டிகளுக்கு நேர்ந்த நாலு விபத்தில் ஒன்றுகூடக் குடியால் வந்ததில்லை. நாலுக்கும் என் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பந்தியில் சொல்ல முடியாது, சாம்பார் வந்துவிடும்.

பேப்பரில் லாரி விபத்துச் செய்திக்கு நாலைந்து வாசகம்தான். 'பிரேக் பிடிக்காததால்', 'கட்டுப்பாட்டை இழந்த லாரி', 'தாறுமாறாக ஓடி'. போலீஸ் எஃப்.ஐ.ஆரில் ஒரே வாசகம்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. மத்திய அரசு வருஷா வருஷம் போடுகிற சாலை விபத்து அறிக்கையை என் பையன் ஒரு தடவை இறக்கிக் கொடுத்தான். 2022-ல் நாடு முழுக்க 4,61,312 விபத்து, 1,68,491 சாவு. விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. காரணம் என்ற கட்டத்தைப் பார்த்தால் பத்தில் ஏழுக்கு மேல் 'அதிவேகம்'. படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் வண்டி ஒன்று தர்மபுரி பக்கத்துத் தொப்பூர் மலையிறக்கத்தில் மோதியபோதும் இந்தக் கட்டத்தில்தான் டிக் அடித்தார்கள். வேகமாகத்தான் போனது, பொய் இல்லை. ஏன் அந்த வேகம் வந்தது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

2016 ஜூன். பத்துச் சக்கர வண்டி, தாவணகெரேயிலிருந்து கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றி வந்துகொண்டிருந்தது. ராத்திரி ஒன்றே முக்காலுக்குப் போன். அந்த நேரத்துப் போனை எங்கள் வீட்டில் யாரும் இரண்டாவது மணி அடிக்க விடுவதில்லை. தொப்பூர் இறக்கத்தில் வண்டி முன்னால் போன சிமெண்ட் லாரியின் பின்னால் இடித்து, கேபின் நசுங்கி, டிரைவருக்கு இடது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் இன்சூரன்ஸுக்கு வேண்டிய காகிதங்களை எடுத்து வைக்க உட்கார்ந்தேன். ஆர்.சி., பர்மிட், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), லோடு பில், எடை மேடைச் சீட்டு. அப்படியே டிரிப் நோட்டையும் புரட்டினேன்.

எடைச் சீட்டில் 26 டன் 700 கிலோ என்று இருந்தது. அன்றைக்குப் பத்துச் சக்கரத்துக்குச் சட்டப்படி மொத்த எடை 25 டன். (2018-ல்தான் அதை 28.5 ஆக்கினார்கள்.) ஆக 1 டன் 700 கிலோ கூடுதல். வாடகை டன் கணக்கில் வருவதால் அது எங்களுக்கு நல்ல காசு. ஆனால் எனக்குத் தொண்டையை அடைத்தது அந்தச் சீட்டு இல்லை, முந்தின டிரிப்பின் கணக்கில் என் கையெழுத்தில் இருந்த இன்னொரு வரி:

'மைலேஜ் பரிசு – 210.'

இதை விளக்க வேண்டும். டிரைவர் டீசலை விற்றுவிடுவார், அனாவசியமாக இன்ஜினை ஓடவிடுவார் என்று முதலாளிகளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். லோடோடு லிட்டருக்கு 3.8 கிலோமீட்டர் வர வேண்டும். அதற்கு மேல் மிச்சம் பிடித்தால் மிச்சமான டீசலில் பாதிக் காசு டிரைவருக்கு. முந்தின டிரிப்பில் ஏழரை லிட்டர் மிச்சம். அன்றைக்கு எங்களுக்கு லிட்டர் 56 ரூபாய், மொத்தம் 420, பாதி 210. யோசனை என்னுடையதுதான். எங்கேயோ இன்னொரு ஆபீஸில் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான்தான் ஆரம்பித்தேன். திருட்டு நின்றது, கணக்கும் அழகாக வந்தது. வீட்டுக்காரர்கூட மெச்சிக்கொண்டார்.

டிரைவர் அந்த ஏழரை லிட்டரை எங்கிருந்து மிச்சம் பிடித்தார் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். காலில் கம்பி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர்தான் மன்னிப்புக் கேட்டார், அது வேறு எனக்கு வேதனை. "டோல் தாண்டினதும் நியூட்ரல் தட்டிட்டனுங்க்கா. ரெண்டு வளைவு வரைக்கும் பிரேக் நல்லாத்தான் புடிச்சுது. அப்புறம் பெடலை அழுத்தறேன், பஞ்சு மேல நிக்கற மாதிரி இருக்குது, வண்டி நிக்கவே இல்லீங்க. கியர் போடலாம்னு பாத்தா உள்ள போகவே மாட்டேங்குது, கரகரன்னு கத்துது. ஒரே புகை." முன்னால் சிமெண்ட் லாரி கியரில், இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு, ஓரமாக ஊர்ந்து போயிருக்கிறது. ஒழுங்காக இறங்கிய வண்டியைப் போய் இடித்திருக்கிறோம். அந்த டிரைவருக்குக் கழுத்துச் சுளுக்கோடு போனது எங்கள் நல்ல நேரம். நடுவில் ஒரு கார் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றுவரை முழுதாக யோசித்துப் பார்த்ததில்லை.

தொப்பூர் தெரியாதவர்களுக்கு: பெங்களூரிலிருந்து சேலம் வருகிற நாற்பத்துநாலாம் எண் நெடுஞ்சாலையில், தர்மபுரி தாண்டி, பாளையம்புதூர் சுங்கச்சாவடிக்கு அப்புறம் வருகிற மலையிறக்கம். காரில் போனால் இறக்கம் என்றே தெரியாது. அகலமான சாலை, நல்ல தார், சுற்றிலும் பச்சை. அதுதான் வம்பு. ஊட்டி மாதிரி கொண்டை ஊசி வளைவு இருந்தால் எந்த டிரைவரும் பயந்து கியரில்தான் இறங்குவான். இங்கே சாலை நேராகத் தெரிவதால் பயம் வராது. கிலோமீட்டர் கணக்கில் இறங்கி, வேகம் கூடி, பிரேக் சூடாகி, கடைசியில்தான் வளைவும் பாலமும் வரும். 2020 டிசம்பர் 12-ல் ஒரு லாரி வரிசையாகப் பத்துக்கு மேற்பட்ட வண்டிகளை இடித்து நாலு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24-ல் அதே இறக்கத்தில் பாலத்தின் மேல் லாரிகளுக்கு நடுவே கார் சிக்கி, ஒரு லாரி பாலத்திலிருந்தே கீழே விழுந்து, தீப்பிடித்து, மறுபடி நாலு பேர். அந்த சி.சி.டி.வி. காட்சி எல்லோர் போனுக்கும் வந்தது. எனக்கும் பதினோரு பேர் அனுப்பினார்கள். நான் திறக்கவில்லை.

வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்ததும் பிரேக் மேஸ்திரி சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எழுபது வயசு மனுஷன், என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார். டிரம்மின் உள்பக்கம் நீலம் பாரித்து, முடி மாதிரி விரிசல் ஓடியிருந்தது. டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங்கின் முகம் கண்ணாடி போல மின்னியது. "லைனிங் வெந்துபோச்சு பாருங்க அம்மிணி. பிரேக் பெயிலியர்னு பேப்பர்ல போட்டானாம். பெயிலியர் எங்க ஆச்சு? காத்து இருக்குது, பைப் இருக்குது, சேம்பர் வேலை செய்யுது. புடிக்கற எடம் வெந்துபோனா அது என்ன பண்ணும்?"

ஏர் பிரேக்கில் காற்றுப் போனால் பிரேக் போய்விடும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் தப்பு என்றார். எங்கள் வண்டியில் காற்று சுத்தமாக இறங்கினால் பின்சக்கரத்தில் இருக்கிற ஸ்பிரிங் தானாகவே பிடித்துக்கொள்ளும், வண்டி நகராது. ஆபத்து சூட்டில் இருக்கிறது. இருபத்தைந்து டன் மலையிலிருந்து இறங்குகிறது என்றால் அந்த இழுவையை யாராவது தாங்க வேண்டும். மூன்றாவது கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வரும், புகைக்குழாயை அடைத்து இன்ஜினை இழுத்துப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கும் கூடச் சேரும், கால் பிரேக்குக்கு அவ்வப்போதுதான் வேலை. நியூட்ரலில் போட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப்போகும். ஆறு டிரம்மும் மொத்தப் பாரத்தையும் சுமக்கும். விட்டு விட்டு அழுத்தினால் காற்றும் வேகமாகச் செலவாகும், இன்ஜின் ஐடிலில் ஓடுவதால் கம்ப்ரஸர் அந்த வேகத்துக்குக் காற்று நிரப்பாது. வேகம் அறுபது, எழுபது என்று ஏறிய பிறகு கியர் போட நினைத்தால் பல் சேராது. 'எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லயே இறங்கு' என்பது பழைய டிரைவர்கள் கிளீனர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமாம்.

அப்புறம் அவர் சொன்ன விஷயம்தான் என்னை உட்கார வைத்தது. கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கினால் இன்ஜினுக்கு டீசலே போகாது. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் ஓடுவதற்கென்று டீசல் குடிக்கும். அதாவது தொப்பூரில் நியூட்ரல் அடித்தால் ஒரு சொட்டு மிச்சமில்லை, கொஞ்சம் கூடுதலாகவே செலவு. சமவெளியில் லேசான இறக்கங்களில் உருட்டிக்கொண்டு போனால் வேண்டுமானால் ஏதோ கொஞ்சம் மிச்சமாகும். அங்கே பழகிய கை, மலையிலும் அதையே செய்கிறது. நான் 210 ரூபாய் கொடுத்துப் பழக்கிய கை.

டிரைவரிடம் இதை ஒரு நாள் சொல்லி அழுதேன். "உங்க காசுக்குன்னு மட்டும் இல்லீங்க்கா, எல்லாரும் அடிக்கறாங்க, வண்டி சத்தமில்லாமப் போறது ஒரு சொகம்" என்றார். என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாரா, நிஜமா என்று தெரியாது. இப்போது அவர் கனரக வண்டி ஓட்டுவதில்லை. ஒரு எடை மேடையில் சீட்டுப் போடுகிறார். எடை கூடின வண்டி வந்தால் டிரைவர்களைத் திட்டுகிறார் என்று கேள்வி.

இப்போது டோல் பக்கத்தில் போலீஸ் மைக்கில் 'நியூட்ரலில் இறங்காதீர்கள்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 6.6 கிலோமீட்டருக்கு, சுமார் 775 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலை போட ஒப்புதலும் ஆகியிருக்கிறது. வரட்டும், நல்லது. ஆனால் மைக்கில் சொல்வது டிரைவர் காதில்தான் விழுகிறது. பரிசு எழுதுகிற எங்கள் வீட்டுக்கு அது கேட்பதில்லை.

அடுத்தது தூக்கம். இதற்கு நோட்டில் 'ஹால்டிங்', அதாவது வண்டி காத்து நின்ற நாள், என்ற தலைப்பில் வரி இருக்கும். 2019-ல் எங்கள் இன்னொரு வண்டி பூனாவில் ஒரு கம்பெனி வாசலில் லோடு இறக்க இரண்டு நாள் நின்றது. கேட்டுக்கு வெளியே, மரம்கூட இல்லாத இடம். தகரக் கேபினுக்குள் பகலில் யாராலும் தூங்க முடியாது. கொசுவுக்கு ராத்திரியும் முடியாது. வரிசை எப்போது நகரும் என்று தெரியாததால் வண்டியை விட்டுப் போகவும் முடியாது. மூன்றாம் நாள் மதியம் இறக்கினார்கள். உடனே திரும்பு லோடு கிடைத்தது, 'நாளன்னைக்குக் காலையில சேலத்துல வேணும்' என்ற கட்டாயத்தோடு. காலி வண்டியாக வருவதற்கு அது மேல் என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம். பூனாவிலிருந்து இங்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். லோடு வண்டி சராசரியாக மணிக்கு நாற்பது போகும். நிற்காமல் ஓட்டினாலே இருபத்தைந்து மணி நேரம்.

விடிகாலை நாலு பத்துக்கு, சித்ரதுர்கா தாண்டி, வண்டி மீடியனில் ஏறி நின்றது. டீசல் டேங்க் கிழிந்து எல்லாம் ரோட்டில். டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. "கண்ணு தொறந்துதானுங்க இருந்துச்சு, ஆனா ரோடு தெரியல" என்றார். நான் அதை நம்புகிறேன். பச்சை மிளகாய் கடிப்பது, ஹான்ஸ் புகையிலை வைப்பது, ஜன்னலில் தலையை நீட்டுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் அரை மணி நேரத்துக்குத்தான் வேலை செய்யும் என்று டிரைவர்களே சொல்வார்கள். ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு யார் பேச்சையும் கேட்காது. சில ஊர்களில் போலீஸே வண்டியை நிறுத்தி முகம் கழுவச் சொல்லி டீ கொடுப்பது உண்டு. நான் பார்த்த அரசாங்க வேலைகளிலேயே உருப்படியான ஒன்று அது.

1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம், தொடர்ந்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓய்வு என்று அதில் இருந்தது. அந்தக் கணக்குப்படி பூனா லோடு நாலாம் நாள்தான் வந்து சேரும். நாலு நாளுக்கு வாடகை கொடுக்க யாரும் தயாரில்லை, வாங்காமல் வண்டிக்கு இ.எம்.ஐ. கட்ட எங்களாலும் முடியாது. ஆரம்பத்தில் ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர் அனுப்பினோம். ஒருவர் ஓட்ட, ஒருவர் பின் சீட்டில் தூங்குவார். 2012 வாக்கில் அந்த இரண்டாவது பேட்டாவை நான்தான் நோட்டில் அடித்தேன். நாங்கள் மட்டும் இல்லை, ஊரே அடித்தது. அதற்கும் முன்னால் கிளீனர்கள் போனார்கள். பசங்கள் இப்போது காலேஜுக்குப் போகிறார்கள், யாரும் கிளீனர் வேலைக்கு வருவதில்லை. அது நல்லதுதான்.

ஆனால் கிளீனர் போனதும் லாரியின் இடது கண் போய்விட்டது. டிரைவர் வலது பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது கதவுக்குக் கீழே, பம்பருக்கு ஒட்டி முன்னால், பாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முன்பு கிளீனர் பையன் எட்டிப் பார்த்து "வரலாம் வரலாம், ரைட்ல ஒடி" என்று கத்திக்கொண்டு, கதவைக் கையால் தட்டிக்கொண்டே வருவான். இப்போது அந்தச் சத்தமே கேட்பதில்லை. இடது பக்கம் திரும்புகிற லாரிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ஸ்கூட்டியை நுழைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நானும் ஒரு ஸ்கூட்டிக்காரிதான். நீங்கள் லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில் நின்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை என்று அர்த்தம். இதை என் பையனுக்கு லைசென்ஸ் எடுப்பதற்கு முன்னால், நின்றிருந்த எங்கள் வண்டியின் டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்துக் காட்டினேன். அவனுடைய நண்பர்கள் மூன்று பேர் இடது பக்கம் நின்றார்கள். ஒருத்தன்கூடத் தெரியவில்லை என்று இறங்கி வந்து சொன்னான்.

மூன்றாவது விபத்து டயர். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பு அவ்வளவு வெளிப்படை. முன்னால் புது டயர், பின்னால் ரீட்ரேட் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டினது) என்பது ஊர் வழக்கம். ஒழுங்காகச் செய்தால் ரீட்ரேட் மோசமில்லை. அந்த வருஷம் வாடகை படுத்துவிட்டது, முன் டயரை இன்னும் ஒரு டிரிப், இன்னும் ஒரு டிரிப் என்று தள்ளினோம். ஏப்ரல் வெயிலில் திண்டிவனம் பக்கம் முன் இடது டயர் வெடித்து வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் நின்றது. நோட்டில் 'டயர்' என்ற வரி ஐந்து மாதமாகக் காலியாக இருந்தது. காலி வரியும் கணக்குதான். எஃப்.சி. எப்படி வாங்கினீர்கள் என்று கேட்பீர்கள். எட்டு வருஷம் வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒரு தடவை நாங்களும் போனோம்.

எடை விஷயமும் அப்படித்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எங்களைத் திருத்தியது மனசாட்சி என்று சொல்ல ஆசைதான், ஆனால் இந்த அபராதம்தான் திருத்தியது.

நாலாவது எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தபோது நடந்தது. பஞ்சர் ஆகி, இடது ஓரத்தில் பாதிச் சக்கரம் ரோட்டில் நிற்க, டிரைவர் வழக்கம்போல மரக்கிளையை ஒடித்துப் பின்னால் போட்டு, நாலு கல்லும் வைத்திருந்தார். ராத்திரி எட்டு மணி. டெயில் லைட் ஒன்று எரியவில்லை, ஒளிரும் ஸ்டிக்கர் மேல் செம்மண் அப்பியிருந்தது. ஒரு வேன் வந்து பின்னால் இடித்தது. வேன் டிரைவருக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் கை முறிவு. பின் தடுப்புக் கம்பி சரியாக இருந்ததால் வேன் அடியில் போகவில்லை. அது வளைந்து தொங்குகிற லாரிகள் எத்தனை என்று அடுத்த தடவை நெடுஞ்சாலையில் போகும்போது எண்ணிப் பாருங்கள். டெயில் லைட் பல்ப் விலை அன்றைக்கு நாற்பது ரூபாய். அதற்கு அப்புறம் நான் ஒவ்வொரு டிரிப்புக்கும் பத்து ரூபாய்த் துணி ஒன்று வாங்கிக் கொடுத்து, கிளம்புகிறதுக்கு முன்னால் பின்பக்க ஸ்டிக்கரைத் துடைத்துப் போட்டோ அனுப்பச் சொன்னேன். டிரைவர்கள் சிரித்தார்கள். துடைக்கிறார்கள்.

2024 ஜனவரியில் புதுச் சட்டத்தை எதிர்த்து லாரிக்காரர்கள் ஸ்டிரைக் செய்தபோது எல்லோரும் எங்களைத் திட்டினார்கள். விபத்து செய்து, போலீஸுக்குச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை ஜெயில் என்ற பிரிவு அது, இன்னும் அமலுக்குக் கொண்டுவராமல் வைத்திருக்கிறார்கள். ஓடுவது தப்பு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. நின்றால் கூட்டம் அடிக்கும் என்ற பயமும் பொய் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. பத்து வருஷம், ஐந்து வருஷம், இரண்டு வருஷம் எல்லாம் ஸ்டீயரிங் பிடித்தவருக்கு. லோடு இறக்காமல் இரண்டு நாள் வாசலில் நிறுத்தின கம்பெனிக்கு ஒன்றும் இல்லை. மைலேஜ் பரிசு எழுதின எனக்கும் எந்தப் பிரிவும் இல்லை.

2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிகளுக்கு கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் இரண்டு வண்டியும் பழசு. பழைய வண்டிக்கு ஏ.சி. வைக்க விலை விசாரித்தோம், வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். இப்போதைக்குப் பேட்டரியில் ஓடுகிற ஃபேன் இரண்டு.

நோட்டில் மைலேஜ் கட்டம் இன்னும் இருக்கிறது, டீசல் திருட்டைக் கண்டுபிடிக்க அது வேண்டும். பரிசை எடுத்துவிட்டேன். தாவணகெரே டிரிப்புக்கு 3.8 வந்துகொண்டிருந்தது இப்போது 3.7 வருகிறது. லேசான இறக்கங்களில்கூட யாரும் உருட்டுவதில்லை போலிருக்கிறது. மூன்றே முக்கால் லிட்டர் கூடுதல், இன்றைய விலைக்கு முந்நூற்று நாற்பது ரூபாய்ச் சொச்சம். வீட்டுக்காரர் மாசக் கணக்குப் பார்க்கும்போது அந்த இடத்தில் ஒரு நிமிஷம் விரலை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்புவார்.

அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிற வண்டி, பாளையம்புதூர் டோலுக்கு முன்னால் ஓரமாக நிற்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஆறு டிரம் பக்கமும் கையைக் காட்டிச் சூடு பார்த்து, டயரை ராடால் தட்டிச் சத்தம் கேட்டு, ஒரு டீ குடித்து, எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு மூன்றாவது கியரில் இறங்க வேண்டும். அதற்கு ஐம்பது ரூபாய். 'தொப்பூர் டீ – 50' என்று எழுதுகிறேன். இந்த வருஷம் ஆடிட்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, ஒரு டீ எப்படிம்மா ஐம்பது ரூபாய், இதை எந்தத் தலைப்பில் போடுவது என்று கேட்டார். வழிச்செலவில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.